இருபதாவது உறுப்பினர்

அமெரிக்க விடுதலைப் போர்க் காலம். நியூ ஜெர்சி சட்டசபை அன்று ஒரு சத்திரத்தில் கூடியிருந்தது. சபைக் கட்டடம் இங்கிலாந்து மன்னரின் படை வசம் போயிருந்தது. இருபது பேர் இருந்தால்தான் சட்டம் போடலாம். வந்திருந்ததோ பத்தொன்பது பேர்.

சபையின் வாசல் காவலன் நான். வராதவரைப் பிடித்து வருவதும் என் வேலைதான். குதிரையைத் தட்டிவிட்டேன்.

இருபதாவது உறுப்பினர் என் மனைவியின் அண்ணன் ஜெத்ரோ. மாவு ஆலைக்காரர். ஆலையில், பெரிய மாவுப் பெட்டிக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வெளிய வாங்க மச்சான். நம்ம பசங்க பனியில வெறுங்காலோட சண்டை போடுறாங்க. நீங்க எலி மாதிரி ஒளிஞ்சிருக்கீங்க!"

"என் தங்கச்சிக்காகச் சொல்றேன், போயிடு மாப்ளே."

"ஏன்?"

"சபையில பேசினத வெளிய சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"வெட்கமா இல்ல?"

தூக்கிக் குதிரையில் போட்டேன். வழியெல்லாம் நான் நாட்டுப்பற்றைப் பற்றிப் பேசினேன். அவர் மூக்கில் மாவு ஏறித் தும்மிக்கொண்டே வந்தார்.

பத்தொன்பது பேர் ஆதரவு. ஜெத்ரோ மட்டும் எதிர்ப்பு. சட்டம் நிறைவேறியது. எழுத்தர் வாசலுக்கு வந்து உரக்கப் படித்தார்.

"சபை ஊழியர்கள் படையில் சேர வேண்டாம் என்ற சலுகை இன்றோடு ரத்து. வாசல் காவலன் நாளைக் காலையே போர்முனைக்குக் கிளம்ப வேண்டும்."

ஜெத்ரோ சட்டை மாவைத் தட்டிக்கொண்டே என் காதருகே குனிந்தார்.

"பெட்டி இப்ப காலியாத்தான் இருக்கு, மாப்ளே."