பூணூல் பத்திரிகையில் மீன் வாடை

பூணூல் பத்திரிகையில் மீன் வாடை அடித்தது.

அம்ருதா கட்டைப் பிரித்து ஒன்றை முகர்ந்து பார்த்தாள். சந்தேகமே இல்லை. கடலோர மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்த வாடை தெரியாதா என்ன? தெருவில் அடித்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிவிடலாம். இது கணவன் ராமபத்ரனின் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்த கட்டு!

சீட்டை மறுபடி தூக்கினாள். மூலையில் சுருட்டி வைத்த ஒரு துணிப்பை. ஈரமாக இருந்தது.



"ஏன்னா, இது என்னவாக்கும்?"

ராமபத்ரன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அதா... ஆபீஸ்ல ஜோசப் வண்டியை எடுத்துண்டு போனான். அவனோடதாக்கும்."

"ஜோசப் ஒரு வாரமா லீவுன்னு நீங்கதானே சொன்னேள்?"

"குளிக்க நாழியாச்சு" என்று எழுந்து போய்விட்டார்.

பொய்! அதுவும் வாய் கூசாமல்!

முட்டை கலந்த கேக்கூட உள்ளே வராத வீடு இது. சிநேகிதன் பிறந்தநாளில் முட்டை பப்ஸ் தின்றுவிட்டு வந்த மகன் சுதர்ஷனை, வாய் கொப்புளிக்க வைத்தே அழவிட்டவள் அம்ருதா. அவன் காதில் வருகிற வியாழக்கிழமை காயத்ரி சொல்ல வேண்டிய வாய், இந்த மனுஷருடைய வாய்.

அம்மாவிடம் சொல்லலாமா? பூணூலையே தள்ளிப்போடச் சொல்வாள். ஊர் சிரிக்கும். கையும் களவுமாகப் பிடித்துவிட்டுத்தான் பேசுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அவளுக்கு மூச்சுவிட நேரமில்லாத நாட்கள் வேறு. மறுநாள் காலையும் ஒரு அடுப்பில் சாம்பார், இன்னொன்றில் இட்லி, பக்கத்தில் மிக்ஸி ஓட, ஸ்பீக்கரில் போட்ட போன் யார் யாருடைய வாய்ஸ் மெசேஜையோ பேசிக்கொண்டிருந்தது. அவள் பாதி கேட்பாள். ஒரு ஹார்ட்டைத் தட்டிவிட்டு அடுத்ததற்குப் போவாள். எல்லோருக்கும் அதுதான் பதில்.

"அம்ருதா, அம்பலத்துக்குப் போயிட்டு வரேன்" என்று ராமபத்ரன் ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

அடுப்பை அணைத்துவிட்டு அவளும் ஒரு ஆட்டோவைப் பிடித்தாள்.

ஸ்கூட்டர் எந்தக் கோயில் பக்கமும் திரும்பவில்லை. நேராகப் பள்ளுருத்தி. ரோட்டோர மீன்கடை முன்னால் போய் நின்றது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், மூக்கில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு, ஏதோ ஒரு மீனைச் சுட்டிக்காட்டினார் ராமபத்ரன்.

திங்கறதையும் தின்னுட்டு மூக்கை வேற பொத்திக்கறதைப் பார்!

மீனோடு ஸ்கூட்டர் ஒரு குறுகலான சந்துக்குள் நுழைந்தது.

"சேச்சி, இனி உள்ளே வண்டி போகில்லா" என்றான் ஆட்டோக்காரன்.

இறங்கி எட்டிப் பார்த்தாள். ஒரு வீட்டுக் கதவு திறந்தது. வளையல் போட்ட கை ஒன்று நீண்டு பையை வாங்கிக்கொண்டது. உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் சிரிப்பு. ராமபத்ரனும் சிரித்தார்!

அப்போ, மீன் மட்டும் இல்லை!

ஸ்கூட்டர் அந்தப் பக்கமாகப் போய் மறையும்வரை காத்திருந்தாள். பிறகு போய்க் கதவைப் படபடவென்று தட்டினாள்.

திறந்தவள் பாண்டிச்செல்வி. தோளில் பச்சைக் குழந்தை.

அம்ருதா வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள். ஏழாம் மாதத்தில் அம்ருதாதான் நிறுத்தினாள். "நீ ரெஸ்ட் எடு. குழந்தை பிறந்ததும் கட்டாயம் வந்து பார்க்கறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, மறுநாளே வேறு ஆளை வைத்துக்கொண்டாள். குழந்தை பிறந்தது, படமும் வந்தது, இவளிடமிருந்து ஒரு ஹார்ட்டும் போனது. வந்து பார்க்கத்தான் நேரம் கிடைக்கவில்லை.

"அய்யோ, அக்கா! நீங்களே வந்துட்டீங்களா! இப்பத்தான் அண்ணன் குடுத்துட்டுப் போறாரு."

"என்னத்தை?" என்றாள் அம்ருதா.

"பால்சுறாதான்க்கா. அதத் தின்னா பால் ஊறும்னு பிள்ளை பெத்தவளுக்கு எங்க ஊர்ல ஆக்கிக் குடுப்பாங்கள்ல? பாவம், அண்ணனுக்கு மீனே தெரியல. முதல் நாள் ஒரு பை பொடி சாளை மீனக் கொண்டாந்து, 'இது குட்டிச் சுறாதானே?'ங்கிறாரு! இன்னிக்கும் அதச் சொல்லித்தான் சிரிச்சோம்."

அம்ருதாவின் பார்வை அவள் தோளில் கிடந்த குழந்தைமேல் போனது.

"பாருங்க, இப்பத்தான் வயிறு நிறைஞ்சு தூங்குறான். பாலே இல்லாம ஒரே அழுகை. இவங்கப்பாவும் கட்டட வேலைக்குத் திருச்சூர் போயிட்டாரு. பால்சுறா வாங்கித் தரக்கூட ஆள் இல்லையேன்னு போன வாரம் அழுதுக்கிட்டே உங்களுக்குத்தான் வாய்ஸ் போட்டேன். நீங்களும் உடனே ஹார்ட் போட்டீங்க."

மிக்ஸி இரைச்சலுக்கு நடுவே ஏதோ ஒரு அழுகுரல். அம்ருதாவுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு ஹாலில் ராமபத்ரன் பேப்பரை மடித்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்ததும்.

"மறுநாளே அண்ணன் பையோட வந்து நிக்கிறாரு. 'உங்க அக்கா குடுத்தனுப்பிச்சா'ன்னு."

முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று அம்ருதாவுக்குத் தெரியவில்லை.

பாண்டிச்செல்வி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளைக்குப் பூணூலை வெச்சுக்கிட்டு, எனக்காகக் கட்டின புருசனை மீன்கடைக்கு அனுப்ப, உங்களைவிட்டா வேற யாருக்குக்கா மனசு வரும்?"