இன்னிக்கு என்ன கிழமை?

“இன்னிக்கு என்ன கிழமை, ஐயா?”

சிஸ்டர் கேட்டதும் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பெரியவர் மேலே பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். “ஞாயித்துக்கிழமை” என்றார்.

அன்று வியாழன். மகளுக்கு மனசு விட்டுப்போயிற்று.

பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர் அவர். வண்டி ஒரு நிமிஷம் பிந்தினாலும் டிரைவரை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார். அப்பேர்ப்பட்டவருக்கு, ஸ்கூட்டரில் வேன் மோதி இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆன மறுநாளே கிழமை மறந்தது, இடம் மறந்தது. குளுக்கோஸ் பாட்டில் மாட்டிய கம்பியை டிரைவர் என்று நினைத்து, “வண்டிய எடுய்யா, நேரமாச்சு” என்று அதட்டினார். கையிலிருந்த ஊசியைப் பிடுங்கி எறிந்தார். வார்டு சிரித்தது, மகள் அழுதாள்.

பைத்தியமெல்லாம் இல்லை, வயசானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு வருகிற குழப்பம்தான், வந்த மாதிரியே போய்விடும் என்றார் டாக்டர். மருந்தைவிடப் பக்குவம்தான் முக்கியமாம். மூக்குக் கண்ணாடியும் காது மெஷினும் வீட்டிலிருந்து வரவேண்டும், பகலில் ஜன்னல் திறந்திருக்கவேண்டும், கண்ணெதிரே கடிகாரம் தொங்கவேண்டும், இது ஆஸ்பத்திரி என்று அலுக்காமல் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும் என்று சிஸ்டர் உத்தரவு போட்டாள். மகள் ஒன்று விடாமல் செய்தாள்.

ஆனால் அவர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே ஒரு கேள்வி. “உங்கம்மா எங்கே?”

அம்மா அந்த ஸ்கூட்டரின் பின்சீட்டில் இருந்தவள். ஆஸ்பத்திரி வாசலைக்கூட அவள் பார்க்கவில்லை. அவர் இங்கே நினைவில்லாமல் கிடக்க, அங்கே சுடுகாட்டில் எல்லாம் முடிந்துவிட்டது.

கண்ணாடியைத் துடைத்து மாட்டி, காது மெஷினையும் பொருத்திவிட்ட அன்றுதான், கட்டிலின் கால்மாட்டில் நின்று டாக்டரிடம் மெல்லக் கேட்டாள். அவரும் தணிந்த குரலில்தான் சொன்னார். “இப்ப சொல்லாதீங்கம்மா. சொன்னா அழுவார், மறந்துருவார், மறுபடி கேட்பார். ஒவ்வொரு தடவையும் புதுசா அழணும், பாவம். நல்லா தெளியட்டும், அன்னிக்கு நானே கூட இருந்து சொல்றேன்.”

அன்றிலிருந்து அவர் கேட்கும்போதெல்லாம், அம்மாவுக்கு முழங்கால் வலி, வந்துகொண்டே இருக்கிறாள் என்று சொல்லி வைத்தாள். பெரியவர் சின்னப்பிள்ளை மாதிரி தலையாட்டுவார். “அவசரமில்லே. மெதுவாவே வரட்டும்.”

ஒரு நிமிஷத் தாமதம் பொறுக்காத மனிதரா இப்படிச் சொல்கிறார் என்று அவளுக்கு நெஞ்சு வலித்தது. அப்பா தெளியவேண்டும் என்று வேண்டிக்கொள்வாள். தெளிந்தால் சொல்லியாக வேண்டுமே என்று அடுத்த நொடியே பயப்படுவாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

‘ஞாயித்துக்கிழமை’ என்ற அந்தப் பதிலைக் கேட்டு, சிஸ்டரோடு வந்திருந்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். இந்நேரம் தெளிந்திருக்கவேண்டும், தலைக்குள்ளேயே ஏதோ கோளாறு இருக்கலாம், சாயங்காலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாம் என்றார். மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள்.

மாத்திரைத் தட்டோடு பின்னாலேயே வந்த சிஸ்டர் தேற்றினாள். “கவலைப்படாதீங்க. காலைல என்னை என்னா பிடி பிடிச்சார் தெரியுமா? கடிகாரம் என் வாட்ச்சவிட அஞ்சு நிமிஷம் பின்னாடி ஓடுதாம். பேட்டரி மாத்தி, முள்ளத் திருப்பி வெச்சப்புறம்தான் விட்டார். பழைய வேலை புத்தி, போகுமா?”

சிரித்துவிட்டு அவள் அடுத்த வார்டுக்குப் போய்விட்டாள். மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே வந்து சுவரைப் பார்த்தாள், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டும் ஒன்றாக ஓடின.

கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, அப்பாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அப்பா, நான் மட்டும்தான் இருக்கேன். இன்னிக்கு என்ன கிழமை?”

திரை நன்றாக மூடியிருக்கிறதா என்று அவர் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். கண்ணோரம் வழிந்து காது மெஷின் வரைக்கும் நனைந்திருந்தது.

“வியாழன்” என்றார். அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“டாக்டர்கிட்ட சொல்லிடாதே பாப்பா. நான் தெளிஞ்சிட்டா உங்கம்மா செத்துப்போயிடுவாளே.”