கனவில் வந்த பெயர்

"முப்பாட்டன் கனவுல வந்து பேர் சொல்லிட்டாரு ஹிவா," என்று கணவன் நஹோவா எட்டு வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னான். "கனவுப் பேரை வைக்கலன்னா நோவு வரும். ஹவாய்ல இது தெரியாதவங்க உண்டா?"

"என்ன பேரு?"

"அலலா."

"காக்கா பேரா? காடே அதிர கத்துமே, அதுவா? நான் மனுலானின்னு, வானத்துப் பறவைன்னு ஆசையா நெனச்சு வெச்சிருக்கேன்." ஹிவாவுக்குக் கண் கலங்கியது. "அவர் சொன்னதை அப்படியே சொல்லு."

"'இந்த வீட்ல ஓயாம கத்துற ஆளுக்கு அலலான்னு பேர் வை'ன்னாரு."

ஹிவா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் எட்டு மாத வயிற்றைத் தடவினாள்.

"இது இன்னும் வாயே தொறக்கலையே. நீ மறுக்காத, உடம்புக்கு ஆகாது."

மனுலானிக்கு இப்போது நான்கு வயது. அப்பா பெயரைக் கேட்டால், தெருவே கூப்பிடுகிற பெயரைத்தான் சொல்கிறாள்: "அலலா."