அந்த ஒரு ஆள்

தமயந்திக்கு அலுத்துவிட்டது. பத்து வருடமாகச் சம்பளமில்லாமல் பராமரிக்கும் கட்டற்ற மென்பொருள். ஒவ்வொரு பதிப்பையும் புதிய கணினிகளுக்கு ஒருமுறை, பழைய 32-பிட் கணினிகளுக்கு இன்னொருமுறை என்று தயாரிக்க வேண்டும். பழைய கணினிக்கானதைப் பதிவிறக்குவது எப்போதும் ஒரே ஒரு ஆள். முகம் தெரியாத அந்த ஆளுக்காகத்தான் இத்தனை பாடும்.

"அக்கா, அது யாருன்னு கண்டுபிடிச்சிட்டேன்" என்று ஃபோனில் சிரித்தான், அவளோடு சேர்ந்து இதைப் பராமரிக்கும் இன்பராஜ். "உங்க மேஜைக்கடியில இருக்கற டெஸ்ட் மெஷின்தான். தானா இறக்கிக்கிற மாதிரி நீங்கதான் என்னைக்கோ செஞ்சு வெச்சிருக்கீங்க."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "இதோட விட்டுரலாம்ப்பா" என்றாள். அந்தக் கணினியின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பழையதற்கென்று கடைசியாக ஒரு பதிப்பை வெளியிட்டாள்.

மறுநாள் காப்பியோடு வந்து அதன் பதிவிறக்க எண்ணிக்கையைப் பார்த்தாள். ஒன்று.

குனிந்து மேஜைக்கடியில் பார்த்தாள். ஒயர் பிடுங்கியபடியேதான் கிடந்தது.