நகக்கண் தெரியும் டிவி

புது டிவி எங்கள் கூடத்துச் சுவரையே விழுங்கிவிட்டது. அதில் ஈ பறந்தால் கழுகு மாதிரி தெரியும்.

எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் மகன் சொன்னான்: “அப்பா, வயரே வேணாம். உங்க போன்ல இருக்கறது அப்படியே டிவில வரும். ஏதாவது வீடியோ இருக்கா?”

“சூப் வைக்கற வீடியோ ஒண்ணு இருக்கு, போடு.”

அதில் ஒரு பாத்திரமும் இரண்டு கைகளும் மட்டும்தான் தெரிந்தன. ஆனால், அடேயப்பா, என்ன துல்லியம்! நகக்கண் அழுக்கில் செடியே நடலாம். ஒரு கை இன்னொரு கையை நன்றாகச் சொறிந்துவிட்டு, அப்படியே காயை அள்ளிப் பாத்திரத்தில் போட்டது.

“சீ! இவன் கையா, சாக்கடையா?” என்றாள் மருமகள்.

“இதையும் குடிக்கறாங்களே, அதுங்க என்ன ஜென்மமோ!” என்று மனைவி முகத்தைச் சுளித்தாள்.

அந்த ஆள் குனிந்து கரண்டியை நக்கி, அதையே மறுபடி பாத்திரத்துக்குள் விட்டார். முகம் சுவர் அகலத்துக்குத் தெரிந்தது.

என் முகம்.

மூவரும் தங்கள் காலி சூப் கிண்ணங்களைப் பார்த்தார்கள். குளியலறை வாசலில் தள்ளுமுள்ளு.

“இனிமே அடுப்படிப் பக்கம் தலை வச்சுப் படுத்தீங்க, தெரியும் சேதி!” வாயைத் துடைத்தபடி மனைவி கத்தினாள்.

ஓய்வு பெற்ற மறுநாளே என் தலையில் கட்டிய மூன்று வேளைச் சமையல் அன்றோடு ஒழிந்தது. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்தேன்.

நகத்தில் அப்பியிருந்தது காபித்தூள். வீடியோவில் வந்த சூப்பை அப்போதே கொட்டிவிட்டேன். அவர்கள் குடித்தது, சோப்பு போட்டுக் கை கழுவி வைத்த வேறு சூப்.