குழுவுக்கு எழுதியது

மூலையில் இருந்த பழைய கம்ப்யூட்டரை எடுத்துப் போக ஆள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் எதையெல்லாம் காப்பி எடுத்து வைக்க வேண்டும் என்று அனுசியா ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதிய நேரம். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த அவளுடைய பிரவுசிங் சென்டரில் அப்போது வேறு யாரும் இல்லை.

நியூஸ் ரீடரைத் திறந்ததும் அது தானாகவே புதுப் பதிவுகளை இறக்கத் தொடங்கியது.

அதைப் போட்டுக் கொடுத்தவள் அவள்தான். சிவபாண்டிக்காக.

சிவபாண்டி தளவாய்புரத்தில் ஒரு நைட்டி கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பேச்சு திக்கும். இணையத்தில் நியூஸ்குரூப் என்று ஒன்று உண்டு, ரொம்பப் பழைய ஏற்பாடு, பேச்சு திக்குகிறவர்கள் சிலர் இன்னும் அதில் எழுதிக்கொள்கிறார்கள் என்று மதுரையில் பேச்சுப் பயிற்சி தருகிற டாக்டரம்மா சொல்லியிருந்தார். படம் கிடையாது, குரல் கிடையாது, வெறும் எழுத்து. இதை அனுசியாவிடம் விளக்க அவன் பாடுபட்டபோது, பாதியை அவளே சொல்லி முடித்தாள். எப்போதும் அப்படித்தான் செய்தாள். அது உதவி என்றே நினைத்திருந்தாள்.

அவளுக்கும் அது புதிதுதான். புதியவர்களுக்கான ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் சேர்ந்தே கற்றார்கள். நியூஸ் ரீடரில் சர்வர் பெயர் கொடுத்தால் குழுக்களின் பட்டியல் இறங்கும். வேண்டிய குழுவைத் தேடிச் சேர்ந்துகொள்ள வேண்டும். முதலில் தலைப்புகள் மட்டும் வரும், தொட்டால்தான் உள்ளே இருப்பது தெரியும். ஒருவர் எழுதியதற்கு அடியில் இன்னொருவர் பதில், அதற்கும் அடியில் வேறொருவர் பதில்.

கொஞ்ச நாள் படித்துவிட்டு அப்புறம் எழுதுவது நல்லது என்று போட்டிருந்தது. பதில் எழுத இரண்டு பொத்தான்கள். ஒன்று எழுதியவருக்கு மட்டும், மற்றது குழு முழுவதற்கும்.

“பாத்து அமுக்குங்க. குழுவுக்குப் போயிட்டா ஊரு உலகமே படிக்கும். பொறவு திருப்பி எடுக்க முடியாது” என்று எச்சரித்தாள்.

அதற்கப்புறம் அவன் வந்துகொண்டே இருந்தான். ராஜபாளையத்துக் கடைகளையெல்லாம் தாண்டி பைக்கில் இங்கேயே வந்தான். போனிலேயே அதைப் பார்க்க வழி உண்டு என்று அவள் சொல்லவில்லை.

அவன் எழுதியதையும் அவள் படித்ததில்லை. அது அவனுடைய இடம் என்று விட்டுவிட்டாள்.

இன்று தலைப்புகளின் வரிசையில் அவன் பெயர் கண்ணில் பட்டது. பக்கத்தில், ‘கேட்க முடியாமல் போனது.’

தொட்டாள்.

அரைகுறை ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று ஒரு பெண்ணிடம் கேட்கப் போனானாம். வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்தானாம். ‘நான் உங்களைக் கட்டிக்கிடட்டுமா.’ அவ்வளவுதான் மொத்தமும். ‘நா’ வரைக்கும் வந்துவிட்டது. நாளைக்கா, நாளைக்குக் கடை லீவு, திங்கட்கிழமை வாங்க என்று அவள் முடித்து வைத்துவிட்டாள். ‘நல்ல மனதோடு செய்கிறவள், கோபப்படவும் முடியவில்லை. தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்’ என்று முடித்திருந்தான்.

அனுசியாவுக்கு அந்தச் சனிக்கிழமை நினைவிருந்தது. புதுச் சட்டை போட்டிருந்தான். ஏதோ விசேஷ வீட்டுக்குப் போகிற வழியில் வந்திருக்கிறான் என்று நினைத்திருந்தாள்.

கீழே பதில்கள் இருந்தன. எழுதிக் கொடுத்துவிடு என்றிருந்தார் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர். எழுத எனக்கு எப்போதும் முடியும், இந்த ஒன்றை என் வாயால் கேட்க வேண்டும் என்று சிவபாண்டி சொல்லியிருந்தான். மறுபடியும் போ என்றிருந்தாள் ஒரு பெண்.

‘போனேன். டீ வாங்கித் தந்தாள். அன்றைக்கு என்ன சொல்ல வந்தீர்கள் என்று கேட்பாள் என்று இருந்தேன். கேட்கவில்லை.’

அதை அவன் இந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதியிருக்க வேண்டும். அந்த டீ ஆறிக்கொண்டிருக்க, அவள் நாலடி தள்ளி யாருக்கோ ஆதார் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்திருப்பாள்.

கடைசியாக எழுதியது போன மாதம். ‘வீட்டில் சங்கரன்கோவில் பக்கம் பெண் பார்த்துவிட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். அந்தச் சொல் மட்டும் எனக்குத் திக்குவதில்லை.’

அதற்கு யாரும் பதில் எழுதியிருக்கவில்லை.

அனுசியா குழுவுக்குப் பதில் என்ற பொத்தானை அழுத்தினாள். வெள்ளைப் பெட்டி திறந்தது.

வாசலில் பைக் வந்து நின்றது.

சிவபாண்டி உள்ளே வந்தான். கையில் மஞ்சள் தடவிய பத்திரிகை. அவள் அவசரமாகத் திரையை அணைத்துவிட்டு எழுந்தாள்.

அவன் பத்திரிகையை நீட்டினான். பேச வாயெடுத்தான், சொல் வரவில்லை. கண்ணை மூடித் திறந்தான். கழுத்து நரம்பு புடைத்தது.

என்ன சொல்ல வருகிறான் என்பது அவளுக்குத் தெரிந்தது. அவள் சொல்லிவிட்டால் அவனுக்குச் சுலபம். உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள்.

வெளியே ராஜபாளையம் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பஸ் புறப்பட்டும் போயிற்று. அவள் காத்திருந்தாள்.

“க... க... கல்யாணத்துக்கு... நீங்க க... கண்டிப்பா வரணும்.”

முழுவதையும் அவனே சொல்லிவிட்டான். அவன் முகத்தில் சிறு சந்தோஷம் தெரிந்தது.

அனுசியா பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

“வாரேண்ணே.”

கடைக்கு வருகிற ஆண்கள் அத்தனை பேரையும் அவள் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அவனை மட்டும் இதுவரை ஒரு தரம்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை.