நாலாம் கேள்வி

காரின் பின் இருக்கையில் நகசேயின் மூக்கிலிருந்து ரத்தம் சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த தொகுரா, அவரை அடித்த கையை வலி தாங்காமல் உதறிக்கொண்டான்.

"பின்வாசல் வழியா எதுக்குய்யா ஓடுனே? தலைவர் கூட்டியாரச் சொன்னார், வந்தேன். ஓடுனா அடிக்காம கொஞ்சவா முடியும்?"

நகசே சட்டைக் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஒசாகாவில் பழைய ஓவியங்கள் விற்கும் கடை அவருடையது. அந்தப் பகுதி அடியாட்களுக்கெல்லாம் தலைவரான இவாகிக்கு, இத்தனை வருடங்களில் ஏழெட்டுப் படங்கள் விற்றிருந்தார். அதில் ஒன்று போலி.

"தலைவர் திடீர்னு என்னை எதுக்கு..."

"எனக்கென்ன தெரியும்? அவர் இப்போ பழைய ஆளு இல்ல. ஆன்லைன்ல படிக்கிறார். கலை வரலாறாம், கலை வியாபாரமாம். கம்ப்யூட்டரே கதின்னு கிடக்கார்." தொகுரா சிரித்தான். "நேத்து பூராவும் உன் படங்களைத்தான் பூதக்கண்ணாடி வெச்சு ஒவ்வொண்ணா பாத்துட்டு இருந்தார்."

கார் இவாகியின் வீட்டு வாசலில் போய் நின்றது.

பாய் விரித்த அந்த அறையின் சுவரெல்லாம் நகசே விற்ற படங்கள். இவாகியின் முதுகுக்கு நேர் பின்னால், மழையில் நனையும் கொக்கு. அதைத் தவிர வேறு எதுவும் நகசேயின் கண்ணில் படவில்லை.

அப்புறம்தான் தாழ்ந்த மேசையைப் பார்த்தார். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு மரப்பலகை, குட்டைக் கத்தி, மடித்த வெள்ளைத் துணி. இந்த வீட்டில் தப்பு செய்தவன் தன் சுண்டு விரலைத் தானே வெட்டி, துணியில் சுற்றி, தலைவர் முன்னால் வைக்க வேண்டும். வைத்துவிட்டால் அந்தக் கணக்கு அதோடு தீர்ந்தது. கேட்கும் முன்பே வைப்பவனுக்கு உயிர் மிஞ்சும் என்பார்கள்.

"உக்காருங்க வாத்தியாரே" என்றார் இவாகி.

நகசேயை அவர் எப்போதும் 'ஏய் கடைக்காரா' என்றுதான் கூப்பிடுவார்.

பக்கத்து அறையில் தொம்மென்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து யாரோ அலறினார்கள்.

"அதைக் கண்டுக்காதீங்க. போன வாரம் வகுப்பு நடக்கும்போது ஒரு பய இன்டர்நெட் வயரைக் கால்ல இழுத்து அறுத்துட்டு ஓடிட்டான். பாதிப் பாடம் போச்சு. இன்னிக்குத்தான் சிக்குனான்."

ஒரு வயருக்கே இந்த அடியா.

இவாகி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார். பக்கத்து அறையில் அடி விழும் சத்தம் மட்டும் நின்று நின்று கேட்டது.

"ஒரு பழைய படத்தைப் போலியா எப்படி செய்வாங்க? உங்க வாயால கேக்கணும்."

"தாளை... தேயிலைத் தண்ணியில நனைச்சுக் காய வைப்பாங்க தலைவரே. பழசு மாதிரி ஆயிரும்."

"மெதுவா." இவாகி இரண்டே விரல்களால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். "தேயிலைத் தண்ணி. அப்புறம்?"

"முத்திரை. அசல் முத்திரையைப் போட்டோ எடுத்து, அதே மாதிரி கல்லுல செதுக்கிருவாங்க."

"அடப்பாவிகளா!" என்று தலையை ஆட்டிக்கொண்டே அதையும் தட்டினார். வாக்குமூலம் எழுதுகிறார் என்று நகசேக்குத் தோன்றியது.

"தெரிஞ்சே போலியை வித்த வியாபாரிக்கு என்ன தண்டனை?"

கண்ணாடிக்கு மேலாக இவாகியின் கண்கள் நிமிர்ந்தன. பக்கத்து அறையில் ஓர் எலும்பு முறிந்தது. பிறகு அங்கிருந்து சத்தமே இல்லை.

"சொல்லுங்க வாத்தியாரே. அஞ்சு மணிக்குள்ள நான் இதை முடிச்சாகணும்."

நகசே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தாகப் போகிறது. கொக்கைப் பார்த்தார். அது மழைக்குள் அசையாமல் நின்றது.

சட்டென்று கத்தியை எடுத்தார். இடது கையைப் பலகையில் விரித்து, சுண்டு விரலின் முதல் கணுவில் வைத்து, உடம்பின் பாரத்தையெல்லாம் கத்தி மேல் இறக்கினார். பச்சை முள்ளங்கியை நறுக்குவது போல ஒரு சத்தம் வந்தது. பல்லைக் கடித்து அலறலை விழுங்கி, துணியில் சுற்றி, இரண்டு கைகளாலும் இவாகியின் முன்னால் தள்ளினார்.

"இதுதான் தலைவரே தண்டனை. போலியை வித்தது என் தப்புதான். இத்தோட என்னை விட்டுருங்க." நெற்றியைப் பாயில் வைத்துக்கொண்டார்.

வாசலில் நின்ற தொகுரா வாயைப் பிளந்தான். "ஐயோ தலைவரே, அந்தக் கத்தி வயர் அறுத்த பயலுக்குல்ல வெச்சோம்!"

இவாகி அசையவில்லை. வெள்ளைத் துணியில் சிவப்பு மெதுவாகப் பரவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கம்ப்யூட்டரை நகசேயின் பக்கம் திருப்பினார்.

"அஞ்சு மணிக்குப் பரீட்சை முடியுது. அந்தப் பாதிப் பாடத்துலேருந்து நாலாம் கேள்வி வந்திருச்சு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமேன்னு கேட்டேன், அவ்வளவுதான்."

நகசே தலையைத் தூக்கவில்லை.

இவாகி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். சுவரில் இருந்த படங்களை ஒவ்வொன்றாக, நிதானமாகப் பார்த்தார். கடைசியில் மரப்பலகையிலிருந்த கத்தியைக் கையில் எடுத்தார்.

"எந்தப் படம்டா?"